வயிற்றுவாரில் ஓடும் வருத்தமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு மாதமாகக் காலையில் எழுவதே பெரும்பாடாக இருக்கிறது. எட்டு மணித்தியாலம் படுத்தாலும் உடம்பில் பெலன் இல்லை. சமையல், பிள்ளைகளின் கொப்பி திருத்துவது, கோயில் திருவிழா, எதிலும் மனம் ஒட்டவில்லை. சில இரவுகளில், இனி விடியாமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. வைத்தியசாலையில் மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ராலின் தந்தார்கள். இரண்டு கிழமை குடித்துவிட்டு, மாற்றம் ஒன்றும் இல்லை என்று நிறுத்திவிட்டேன். அம்மம்மா 1978 சூறாவளிக்குப் பிறகு இப்படித்தான் ஒரு மூலையில் இருந்தாராம். அம்மாவும் 1990இல் மாமாவை இழந்த பிறகு இரண்டு வருடம் அப்படி இருந்தார். எனக்கோ அப்படி ஓர் இழப்பும் இல்லை. கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு காணொளி அனுப்பினார். மனச்சோர்வு என்பது மூளைக் கலங்களுக்குள் சக்தியை உண்டாக்கும் சிறு உறுப்புகளான இழைமணிகள் (மைற்றோகொண்ட்ரியா) பழுதாவதுதான், இழைமணி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் என்று அதில் சொல்கிறார்கள். இதைக் கேட்ட கணவரின் அக்கா, "அது உங்கள் வயிற்றுவாரில், தாய்வழியில் ஓடுகிற வருத்தம்" என்று முடிவாகவே சொல்லிவிட்டார். என் மகளுக்கு 14 வயது. அவளுக்கும் வருமா? கோ-கியூ10 என்ற குளிசை இழைமணியைச் சரிசெய்யும் என்கிறார்கள், வாங்கலாமா?
– பெயர் வேண்டாம்

உளநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இழைமணியைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். விடியாமல் இருந்தால் நல்லது என்ற வரியை மட்டும் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். அந்த எண்ணம் வெறும் அலுப்பாக வந்து போகிறதா, அல்லது எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்குப் போகிறதா? இரண்டாவது என்றால் இந்தப் பதிலை வாசித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கணவரை அழைத்துக்கொண்டு இன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். இரவு என்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். முதலாவதாக இருந்தாலும் கணவரிடம் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். வயல் மருந்துப் போத்தல்கள் வீட்டில் இருந்தால் அவற்றை வீட்டை விட்டே அகற்றச் சொல்லுங்கள். நம் நாட்டில் கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு தற்கொலைகள் பெரிதும் குறைந்தன. ஆபத்தான பொருள் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால், அந்தக் கெட்ட நேரம் கடந்துபோக இடம் கிடைக்கிறது.

இனிக் காணொளிக்கு வருவோம். அது முழுப்பொய் இல்லை. பாதி உண்மையை எடுத்து முழு முடிவு சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சல்.

உண்மையான பாதி இதுதான். மூளையின் நிறை உடலின் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் நீங்கள் சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தியின் பெரும்பகுதி ஏ.ரி.பி. என்ற மூலக்கூறாக இழைமணிகளில்தான் உருவாகிறது. எதற்கு இவ்வளவு செலவு? ஒரு நரம்புக்கலம் அடுத்த கலத்துக்குச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு முறையும் சோடியம் உள்ளே வருகிறது, பொற்றாசியம் வெளியே போகிறது. அவற்றைப் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பினால்தான் அடுத்த செய்தி போகும். வாவியில் கசிகிற தோணியை ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஒரு கையால் துடுப்புப் போட்டபடி மறு கையால் தண்ணீர் இறைக்க வேண்டும். இறைக்கும் கை தளர்ந்தால் தோணி உடனே தாழ்ந்துவிடாது. துடுப்பை வைத்துவிட்டு இரண்டு கையாலும் இறைக்க வேண்டி வரும், அவ்வளவுதான். தோணி மிதக்கும், ஆனால் நகராது. சக்தி குறைந்த நரம்புக்கலமும் உடனே செத்துப்போவதில்லை. புதிய இணைப்புகளை உண்டாக்குவது, பழையவற்றைப் பலப்படுத்துவது போன்ற செலவு கூடிய வேலைகளைக் குறைத்துக்கொள்கிறது. கற்பது, ஆசைப்படுவது, முடிவெடுப்பது எல்லாம் அந்த வேலைகளில்தான் தங்கியிருக்கின்றன.

நீண்டகால மனவழுத்தம் இந்த இடத்தில் கைவைக்கிறது. மனவழுத்தத்தின்போது சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் இழைமணிகளிலும் நேரடியாக வேலை செய்கிறது. விலங்குகளின் நரம்புக்கலங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், அது குறுகிய காலத்துக்கு இழைமணிகளின் திறனைக் கூட்டுகிறது. அளவு கூடி நாளும் நீண்டால் அதே ஓமோன் திறனைக் குறைக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் நாம் சுறுசுறுப்பாக இருப்பதும், வருடக்கணக்கில் கடன்காரனுக்குப் பயந்து வாழ்கிறவர் சோர்ந்து விழுவதும் இதோடு ஒத்துப்போகின்றன.

இன்னொரு வழியும் இருக்கிறது. சேதமான இழைமணியிலிருந்து அதன் டி.என்.ஏ. துண்டுகள் வெளியே கசியலாம். இழைமணி ஆதியில் ஒரு பற்றீரியாவிலிருந்து வந்தது என்பது இன்று உயிரியலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அதனால் நம் நோயெதிர்ப்புக் கலங்கள் அந்தத் துண்டுகளைக் கிருமி என்று எண்ணிச் சண்டைக்கு வருகின்றன, உடலில் அழற்சி கூடுகிறது. டெங்குக் காய்ச்சல் வந்தபோது எப்படிக் கிடந்தீர்கள்? சாப்பாடு வேண்டாம், ஆட்கள் வேண்டாம், வெளிச்சம்கூட வேண்டாம் என்று இருந்திருப்பீர்கள். அழற்சி கூடினால் அப்படித்தான் இருக்கும். மனச்சோர்வு உள்ள எல்லோரிடமும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதியினரிடம் அழற்சிக் குறிகாட்டிகள் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்று கிளினிக்கில் சொல்கிறவர்கள் கற்பனை பண்ணவில்லை. "எல்லாம் உன் மனதில்தான்" என்று வீட்டார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்களுக்கு இதை நான் சற்று அழுத்தியே சொல்வதுண்டு.

ஆனால் இவையெல்லாம் சேர்ந்தாலும் "மனச்சோர்வு என்பது இழைமணிப் பழுதுதான்" என்று ஆகிவிடாது. 2003இல் சுவீடனில் மனச்சோர்வு உள்ள சிலரின் தசையிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். இழைமணிகள் ஏ.ரி.பி. உண்டாக்கும் வேகம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் உடல் உபாதைகளும் கூடவே இருந்ததால் தெரிவுசெய்யப்பட்டவர்கள். அதை மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் பொதுவாக்க முடியாது. 2015இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பெண்களை ஆராய்ந்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களிடம் இழைமணி டி.என்.ஏ.யின் அளவு கூடியிருந்தது. வேறு ஆய்வுகள் குறைந்திருப்பதாகச் சொன்னன. அந்தச் சீன ஆய்வில் என்னைக் கவர்ந்த பகுதி வேறு. அதே குழுவினர் எலிகளைச் சில கிழமைகள் மனவழுத்தத்துக்கு உள்ளாக்கியபோது எலிகளிலும் அந்த மாற்றம் வந்தது. அழுத்தத்தை நிறுத்தியபோது ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பியது. துன்பம் இழைமணியை மாற்றுகிறது, துன்பம் விலகினால் இழைமணியும் மீள்கிறது என்றே அதை நான் வாசிக்கிறேன். எது முதலில், எது பிறகு என்ற கேள்விக்குக் காணொளிக்காரரைப்போல ஒரே அம்புக்குறி போட்டுக் காட்ட என்னால் முடியாது.

அடுத்தது உங்கள் மச்சாள், அதாவது கணவரின் அக்கா சொன்னது. நம் பகுதியில் குடி என்ற குலப்பிரிவும் அதன் கிளையான வயிற்றுவாரும் தாய்வழியில் போகின்றன, வீடு மகளுக்குப் போகிறது. இழைமணி டி.என்.ஏ.யும் தாயிடமிருந்துதான் வருகிறது. இரண்டும் பொருந்தியதும் மச்சாளுக்குத் தீர்ப்பெழுத வசதியாகிவிட்டது. ஆனால் கணக்கைப் பாருங்கள். தாய் தரும் இழைமணி டி.என்.ஏ.யில் இருப்பவை மொத்தம் 37 மரபணுக்கள். அவற்றில் புரதத்தை உண்டாக்குபவை 13 மட்டும். ஓர் இழைமணி இயங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். மிகுதி எல்லாவற்றுக்குமான மரபணுக்கள் கலத்தின் கருவில் இருக்கின்றன, தாயும் தந்தையும் அவற்றைப் பாதிப் பாதியாகத் தருகிறார்கள். உங்கள் மகளின் இழைமணிகளைக் கட்டி எழுப்பும் மரபணுக்களில் ஏறத்தாழச் சரிபாதி மச்சாளின் தம்பி கொடுத்தது. இதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. சொன்னால் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மனச்சோர்வு குடும்பங்களில் ஓடுவது உண்மைதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. ஆனால் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மக்களிடையே இந்த நோயில் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு நூற்றுக்கு 40க்கும் சற்றுக் குறைவு. அதுவும் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வரும் பல நூறு மரபணுக்களின் சிறுசிறு பங்குகள் சேர்ந்தது. மிகுதி வாழ்க்கை. அம்மம்மாவுக்கு 1978 கார்த்திகையில் வீசிய சூறாவளி. அம்மாவுக்கு 1990இன் யுத்தகாலம். இந்த மாவட்டத்தில் அந்த இரண்டையும் கடந்து வந்த எந்த வயிற்றுவாரில் ஒரு பெண்ணாவது மூலையில் உட்காரவில்லை? அம்மா எழும்பாமல் கிடந்த வீட்டில் வளர்ந்ததும் உங்கள் கதையில் சேரும். "எனக்கோ அப்படி ஓர் இழப்பும் இல்லை" என்று ஏதோ உரிமை இல்லாததுபோல் எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய்க்கு இழப்புச் சான்றிதழ் தேவையில்லை.

தாய்வழியாக மட்டும் கடத்தப்படும் உண்மையான இழைமணி நோய்கள் இருக்கின்றன, அவை அரிதானவை. அவை உள்ளவர்களிடம் மனச்சோர்வும் கூடுதலாகவே காணப்படுகிறது. காணொளியில் மேற்கோள் காட்டப்படும் ஆதாரங்களில் ஒரு பகுதி இவர்களிடமிருந்து வந்தது. உங்கள் தாய்வழி உறவினர்களில் இளவயதிலேயே நீரிழிவும் காது கேளாமையும் சேர்ந்து வந்தவர்கள், கண்ணிமை தொங்குகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், நாற்பது வயதுக்கு முன் பாரிசவாதம் வந்தவர்கள், படியேற முடியாத அளவுக்குத் தசை பலவீனம் உள்ளவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

காணொளி உங்களுக்குச் செய்திருக்கக்கூடிய பெரிய கேடு ஒன்று உண்டு. சக்தி தீர்ந்துவிட்டது என்று நம்பினால், மிச்சத்தைச் சேமிக்கப் படுத்திருப்பதே புத்தி என்று தோன்றும். இழைமணி சேமிப்பால் பெருகுவதில்லை. எலிகளை ஓடவிட்டுப் பழக்கினால் தசையில் இழைமணிகளின் திறன் ஏறத்தாழ இரட்டிப்பாவதை 1967இலேயே ஹொலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். பிற்காலத்தில் எலிகளின் மூளையிலும் ஓட்டப்பயிற்சிக்குப் பிறகு இழைமணிகள் கூடியதைக் கண்டார்கள். நாம் வேலை கொடுத்துக் கேட்டால்தான் கலம் இழைமணிகளை உண்டாக்கும். மனிதர்களைப் பொறுத்தவரை, 2024இல் 200க்கும் மேற்பட்ட பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது நடை, மெல்லோட்டம், யோகாசனம், பாரம் தூக்குதல் ஆகியவை மனச்சோர்வை நன்றாகவே குறைத்தன. அந்தப் பலன் இழைமணி வழியாகத்தான் வருகிறது என்று யாரும் நிறுவிவிடவில்லை. உங்களுக்குப் பலன் வந்தால் போதும், வழி எதுவென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடற்கரையில் ஒரு மணித்தியாலம் நடங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. ஏழு மாதம் எழும்பாதவருக்கு அது கேலி. பின்னேரம் ஒரு பெண் தனியே நடந்தால் ஊர் என்ன கதைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மகளை ரியூசனுக்குக் கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறாரென்றால், இரண்டு நாளாவது நீங்கள் அவளோடு நடந்து போங்கள். முதல் கிழமை பத்து நிமிடம் போதும். மனம் வந்த பிறகு தொடங்குவோம் என்று காத்திருக்காதீர்கள். இந்த நோயில் மனம் கடைசியாகத்தான் வரும், கால் முதலில் போக வேண்டும். காலை வெளிச்சத்தில் நடந்தால் தூக்கத்துக்கும் நல்லது. எட்டு மணித்தியாலம் படுத்தேன் என்கிறீர்கள், எத்தனை மணித்தியாலம் தூங்கினீர்கள் என்று எழுதவில்லை. கிளினிக்கில் அதைக் கேட்பார்கள், ஒரு கிழமைக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செர்ட்ராலின் விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் கோபம். இரண்டு கிழமையில் அந்த மருந்தை எடைபோட முடியாது. சிலருக்கு அதற்குள்ளேயே சிறு மாற்றம் தெரியும். பலருக்கு நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும், அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம். முதல் கிழமையில் வயிற்றுப் புரட்டலும் தலையிடியும் வரலாம், பலன் பெரும்பாலும் வராது. இதை மருந்து தரும்போதே சொல்லியிருக்க வேண்டும். நீண்ட வரிசையில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காத கிளினிக்குகளில் அது விடுபட்டுப் போகிறது. அது எங்கள் தொழிலின் குறை, உங்களுடையதில்லை.

"செரோட்டோனின் என்ற மூளை இரசாயனத்தின் குறைவால் மனச்சோர்வு வருகிறது என்பது பொய்யாகிவிட்டதே, பிறகு அந்த மருந்து எதற்கு?" என்று மச்சான் கேட்கக்கூடும். அந்த எளிய விளக்கத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொன்னது சரிதான். மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. 2018இல் 21 மருந்துகளைப் பற்றிய 522 பரிசோதனைகளை, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளர்களின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். 21 மருந்துகளும் மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிடக் கூடுதல் பலன் தந்தன. மிகப் பெரிய வித்தியாசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வித்தியாசம் இருக்கிறது. நோய் கூடுதலாக உள்ளவருக்கு அதை விட்டுவைப்பதில் நியாயமில்லை.

நீங்களாக மீண்டும் தொடங்க வேண்டாம். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போய் உளநலக் கிளினிக்கைக் கேளுங்கள், இலவசம்தான். தெரிந்தவர்கள் காண்பார்கள் என்ற கூச்சம் இருந்தால் தூரத்தில் இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டு கிழமையில் மருந்தை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் ஏசமாட்டார்கள். வாழ்க்கையில் எப்போதாவது சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், பேச்சு நிற்காமல், கைக்காசை எல்லாம் செலவழித்து, அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது இருந்தால் மருந்தே மாறும். இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைரோயிட், சீனி மூன்றும் பார்த்தார்களா என்று கேளுங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் கூடுதலாகப் போகும் பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவே பாதி அலுப்பைக் கொண்டுவந்துவிடும். இழைமணிக்கும் இரும்பு வேண்டும்.

கோ-கியூ10 வாங்க வேண்டாம். அது இழைமணியில் இயல்பாகவே உள்ள ஒரு பொருள்தான். ஆனால் அதை விழுங்கினால் மனச்சோர்வு குணமாகும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. அந்தக் காசுக்கு மீனும் முட்டையும் கீரையும் வாங்கலாம். இந்த வகையில் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் தரும் பொருள் கிரியேட்டின். 2012இல் தென் கொரியாவில் மனச்சோர்வு உள்ள 52 பெண்களுக்கு வழக்கமான மருந்தைக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் கிரியேட்டினும் சேர்த்தபோது அவர்கள் விரைவாகத் தேறினார்கள். சிறிய ஆய்வு. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது ஏற்றதில்லை. நான் மேலே சொன்ன அளவுமீறிய உற்சாகம் வந்தவர்களுக்கு அதைத் திரும்பத் தூண்டிவிடவும் கூடும். உடற்பயிற்சிக் கடையில் டப்பா வாங்கி நீங்களாகத் தொடங்காதீர்கள்.

மகளைப் பற்றி. அவளுக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் தேவையில்லை, இழைமணிப் பரிசோதனை நிச்சயம் தேவையில்லை. 14 வயதுப் பிள்ளைக்கு அம்மா ஏன் படுத்தே இருக்கிறார் என்பது ஏற்கெனவே தெரியும். பெயர்தான் தெரியாது. அம்மாவுக்கு ஒரு வருத்தம், மருந்தெடுக்கிறார், அது அவளால் வந்ததில்லை என்று நேரே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தன்னால்தான் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள். பெரியம்மா, மாமி யாராவது அவள் முன்னால் வயிற்றுவார்க் கதையை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். தாய்க்குச் சிகிச்சை அளித்து அவர் தேறியபோது பிள்ளைகளின் மனநிலையும் சீரானதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவளுக்காக இன்று நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் உங்கள் கிளினிக் துண்டைத் தேடி எடுப்பதுதான். பிற்காலத்தில் இரண்டு கிழமைக்கு மேல் அவள் சிரிக்காமல், சாப்பிடாமல், நண்பிகளோடு பேசாமல் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. அம்மா இப்போதும் உங்களோடுதான் இருப்பார் என்று நினைக்கிறேன். அவர் நீரிழிவுக்குப் பல வருடங்களாக மெட்போர்மின் எடுக்கிறவரென்றால் அவருடைய வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீண்டகாலம் அந்த மருந்தை எடுப்பவர்களில் சிலருக்கு பி12 குறைந்து அலுப்பும், கால் விறைப்பும், மனச்சோர்வும் வரும். "அம்மாவுக்குத் திரும்ப அந்தப் பழைய வருத்தம்" என்று வீட்டில் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. நீங்கள் கிளினிக்குக்குப் போகிற அதே நாளில் அவரையும் கூட்டிப்போகலாம்.